ஆறு நாற்காலிகள்

பதினொரு வாக்கில் தோற்றவன் நான்,
முதல் முறை.
ஊர் மண்டபத்தில் விடிய விடிய மறுபடி எண்ணினார்கள்.
ஒரு சீட்டில் எங்கள் இருவர் பெயரையும் அடித்துவிட்டு
யாரோ தன் நாயின் பெயரை எழுதியிருந்தார்.
செல்லாது என்றார்கள்.
பதினொன்று பதினொன்றாகவே இருந்தது.

ஜெராலின் பெல்ஃப்ளூர்,
பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
ஆங்கிலத்தில் உறுதிமொழி எடுத்தாள்.
பிரெஞ்சில் திட்டுவதை விடவில்லை.

மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனி எங்கள் தொகுதி.
சட்டமன்றம் அகஸ்டாவில்.
ஐந்து மணி நேரம்,
மூஸ் மான் குறுக்கே வராத நாளில்.
ஜனவரியில் அவள் கார் டிக்கியில்
மண்வெட்டி, மெழுகுவர்த்தி, கம்பளி,
சக்கரம் வழுக்கினால் தூவ
ஒரு மூட்டை பூனை மணல்.
பூனை கிடையாது அவளுக்கு.

செவ்வாய் போவாள், வியாழன் இரவு திரும்புவாள்.
வெள்ளிக்கிழமை என் எண்ணெய் லாரியை மறித்து
"ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்பாள்,
தன்னைத் தோற்கடிக்கப் பார்த்தவனிடமே.
நான் பொய் சொல்ல மாட்டேன் என்று ஒரு நம்பிக்கை.
கொஞ்சம் சொன்னேன்.

அவள் மேசையில் இரண்டு பொத்தான்கள்,
பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று.
எட்டு வருடம் அவற்றுக்கு நடுவே ஒரு விரல்.
அவள் பெயரில் நிறைவேறிய ஒரே சட்டம்
பேருந்தின் நிறுத்தப் பலகைக்கு இன்னொரு விளக்கு.
எதிர்த்து ஒருவரும் இல்லை.
மூடிப்போன காகித ஆலைக்காரர்களின் ஓய்வூதியத்துக்கு
ஒரு மசோதா கொண்டுவந்தாள்.
குழுவிலேயே செத்தது.
வேறு எண் போட்டுக் கொண்டுவந்தாள்.
செத்தது.
மூன்றாம் முறை சபாநாயகர் அவள் பெயரை
மூன்று விதமாகக் கடித்துத் துப்பினார்.
அவள் திருத்தவில்லை,
எழுந்து நின்று பேசினாள், உட்கார்ந்தாள்.

ஆறாம் வருடம்
மரக் கம்பெனிக்கு வரிச்சலுகை.
அவர்களுக்கு ஒரு வாக்கு குறைந்தது.
மறுநாள் பத்திரிகையில் பட்டியல் வந்தது,
அவள் பெயருக்கு நேரே "ஆம்".

மஞ்சள் தாளில் அச்சடித்தேன்:
விலை போனாள் பெல்ஃப்ளூர்.
எண்ணெய் ரசீதோடு சேர்த்து
வீடு வீடாகச் செருகினேன்.
பேரம் உண்மை. அவள் மறுக்கவும் இல்லை.
"என்ன விலை என்றும் போடு, ரெஜி" என்றாள்.
போடவில்லை.
ஒரு பக்கத் தாள், இடம் இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விலை இது:
எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ரத்தம் சுத்திகரிக்க ஆறு நாற்காலிகள்.
அதுவரை வாரம் மூன்று நாள்
நூறு மைல் போய் நூறு மைல் வர வேண்டும்.

என் மனைவி கொலெட்டுக்கு மூன்றாவது நாற்காலி.
ஜன்னலோரம். ஆற்றுக்கு அப்பால் கனடா தெரியும்.
அங்கே உட்கார்ந்துதான்
என் அடுத்த தேர்தலின் உறைகளை ஒட்டினாள்,
ஒரு கையால். மறு கையில் குழாய்கள்.
நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு தரம் மட்டும்
"நாக்கு உலர்ந்துபோச்சு, மிச்சத்தை நீயே ஒட்டு."

நானூற்றுப் பன்னிரண்டில் தோற்றேன்.

தொடர்ந்து நான்கு தவணைதான் எங்கள் சட்டம்.
முடிந்துவிட்டது அவளுக்கு.
ஓய்வூதிய மசோதா நாலாவது முறையும் செத்தது.
கம்பெனி லாரிகள் எங்கள் பாலத்தை ஆட்டிக்கொண்டு போகின்றன.
அந்தக் காட்டில் புதிய இயந்திரம் வந்து
என் தம்பியின் வேலை போனது.
இதையும் கணக்கில் எழுத வேண்டும்,
எழுதுகிறேன்.

அவள் மறுபடி பேருந்து ஓட்டுகிறாள்.
பிரசாரப் பலகைகளை
ஒன்று இரண்டு டாலருக்கு வீட்டு முன்னால் விற்றாள்.
பனியில் மீன்பிடிக்கும் என் கொட்டகைக்குத்
தரை வேண்டியிருந்தது. வாங்கினேன்.
பேரம் பேசினேன், ஒன்றரை என்று.
இறங்கவில்லை.

பிப்ரவரி. உறைந்த ஆற்றின் மேல்
துளையருகே குனிந்தால்
என் பூட்ஸுக்கு அடியில் "பெல்ஃப்" என்று தெரிகிறது.
மிச்ச எழுத்து அடுப்புக்குக் கீழே.

இடம் காலியாச்சே, இந்த முறை நிற்கிறாயா
என்று கதவைத் தட்டிக் கேட்கிறார்கள்.
தூண்டில் அசைகிற மாதிரி இருக்கிறது,
கொஞ்சம் பொறுங்கள் என்கிறேன்.